ரவுட்டருக்கு மணி தெரியுமா?

உங்கள் கம்ப்யூட்டர் திரையின் வலது கீழ் மூலையைப் பாருங்கள். அங்கே தெரியும் மணியையும் உங்கள் மொபைல் போனில் தெரியும் மணியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மகிழ்ச்சி. இப்போது வீட்டில் உள்ள மற்ற சாதனங்களுக்கு வருவோம். கேமரா ரெக்கார்டர், விரல் ரேகை வருகைப் பதிவு மிஷின், செட்டாப் பாக்ஸ், மூலையில் பச்சை விளக்கு மின்னிக் கொண்டிருக்கும் ரவுட்டர். இவற்றில் மணி என்ன? பெரும்பாலானவர்கள் இதைப் பார்த்ததே இல்லை. நானும் 2021-ஆம் ஆண்டு வரை பார்த்ததில்லை. ஒரு டிரைவரின் வேலை போக இருந்த பிறகுதான் பார்த்தேன்.

நடந்தது இதுதான்

நாமக்கல்லில் என் மாமா ஒருவர் சிறிய அளவில் லாரி ஆபீஸ் நடத்துகிறார். முட்டை லோடு, கோழித் தீவனம் என்று ஆறேழு லாரிகள் ஓடுகின்றன. ஆபீசை ஒட்டிய காலி இடத்தில்தான் இரவில் லாரிகள் நிற்கும். ஒருநாள் காலை ஒரு லாரியின் டேங்கில் டீசல் குறைந்திருந்தது. கேமரா பதிவை ஓட்டிப் பார்த்தார்கள். இரவு 11.40-க்கு ஒரு உருவம் கேனுடன் லாரி அருகே குனிகிறது. முகம் தெரியவில்லை.

வருகைப் பதிவு மிஷினின் பட்டியலை எடுத்தார்கள். அன்று இரவு கடைசியாக விரல் வைத்து வெளியேறியவர் ஒரு டிரைவர். நேரம் 11.55. அப்படியென்றால் 11.40-க்கு உள்ளே இருந்தது அவர் மட்டும்தானே? கணக்கு சரியாக இருப்பது போலத்தான் எல்லோருக்கும் தோன்றியது. பன்னிரண்டு வருடமாக வேலை பார்த்தவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மாமா எனக்கு போன் செய்தார். "மாப்ளே, அந்த வீடியோவை ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடு. ஸ்டேஷன்ல குடுக்கணும்" என்றார். சேலத்தில் இருந்து கிளம்பிப் போனேன். ஆபீஸ் வாசலில் அந்த டிரைவர் நின்று கொண்டிருந்தார். "அந்த நேரத்துல நான் வூட்டுக்குப் போயிட்டனுங்க தம்பி. யாருமே நம்ப மாட்டேங்கறாங்க" என்றார். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

வீடியோவைக் காப்பி செய்யும்போது தற்செயலாக என் போனைப் பார்த்தேன். மணி 10.42. ரெக்கார்டர் திரையில் 9.50. 52 நிமிடம் பின்னால் இருந்தது. வருகைப் பதிவு மிஷினைப் பார்த்தேன். 10.42 என்றே காட்டியது.

இன்றைக்கு 52 நிமிடம் தவறு என்பதால் அன்றைக்கும் அவ்வளவுதான் என்று சொல்ல முடியாதல்லவா? அதனால் ஆபீஸ் கதவைப் பார்க்கும் இன்னொரு கேமராவின் அன்றைய பதிவை எடுத்துப் பின்னோக்கி ஓட்டினேன். டிரைவர் மிஷினில் விரல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக் கொண்டு கேட்டைத் தாண்டிப் போகிறார். ரெக்கார்டர் நேரம் 11.03. அதே நொடியில் மிஷினில் பதிவான நேரம் 11.55. அன்றும் அதே 52 நிமிட வித்தியாசம். அப்படியானால் 11.40 என்று காட்டிய திருட்டு உண்மையில் நடந்தது 12.32-க்கு. டிரைவர் கிளம்பிப் போய் 37 நிமிடம் ஆன பிறகு.

மாமா அந்த வீடியோவை மூன்று முறை பார்த்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போனார்.

கடிகாரம் ஏன் தவறியது?

கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால் மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போன்ற பேட்டரி இருக்கும். பெரும்பாலும் சிஆர்2032 என்று அதில் எழுதியிருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்திலும் உள்ளே இருக்கும் கடிகாரத்தை ஓட்டுவது இதுதான். இந்தப் பேட்டரி தீர்ந்தால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர் பழைய தேதியைக் காட்டும்.

பேட்டரி நன்றாக இருந்தாலும் கடிகாரம் மிகச் சரியாக ஓடாது. உள்ளே இருப்பது ஒரு குவார்ட்ஸ் படிகம். பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை என்பது இதற்குச் சாதாரணம். கேட்கச் சிறியதாக இருக்கும். கணக்கிட்டால் ஒரு நாளைக்குச் சுமார் 1.7 விநாடி, மாதத்திற்கு ஏறத்தாழ 50 விநாடி. சேலம், நாமக்கல் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் பெட்டிக்கு இது இன்னும் கூடலாம். வெப்பநிலை மாறினால் படிகத்தின் வேகமும் மாறும்.

மாமா ஆபீஸ் ரெக்கார்டரில் பேட்டரி செத்துப் போயிருந்தது. மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது, கடைசியாகத் தான் எழுதி வைத்த நேரத்தில் இருந்து அது மீண்டும் எண்ணத் தொடங்கியது. கால் மணி நேரம் கரண்ட் போனால் கால் மணி நேரம் பின்தங்கும். இப்படிச் சேர்ந்ததுதான் அந்த 52 நிமிடம். யாரும் கவனிக்காததற்குக் காரணம், தேதி சரியாக இருந்ததுதான். 2000-ஆம் ஆண்டு என்று காட்டியிருந்தால் உடனே சந்தேகப்பட்டிருப்பார்கள். கொஞ்சம் மட்டும் தவறாக ஓடும் கடிகாரம்தான் மிகவும் ஆபத்தானது.

நேரத்தை இரவல் வாங்குவது

நல்ல கடிகாரம் இல்லாத சாதனம், நல்ல கடிகாரம் உள்ள இன்னொன்றிடம் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும். இது புதிய யோசனை அல்ல. நம் ரயில்கள் ஒரு காலத்தில் மெட்ராஸ் நேரத்தில் ஓடின. சென்னை வானாய்வகத்தில் கணித்த நேரம் தந்திக் கம்பி வழியே நிலையங்களுக்குப் போனது. அது இன்றைய இந்திய நேரத்தை விடச் சுமார் 9 நிமிடம் பின்னால் இருந்தது. 1906 ஜனவரி 1 முதல் கிரீன்விச்சை விட ஐந்தரை மணி நேரம் முன்னால் உள்ள இந்தியப் பொது நேரம் வந்தது. இன்று அந்த நேரத்தைக் காத்து வருவது புது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கே சீசியம் அணுக் கடிகாரங்கள் ஓடுகின்றன.

தந்தியின் இடத்தில் இப்போது இன்டர்நெட் இருக்கிறது. இதற்கான விதிமுறைக்கு என்டிபி, அதாவது நெட்வொர்க் டைம் புரோட்டோகால் என்று பெயர். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் உருவாக்கியது. 1985-இல் முதல் வடிவம் வெளியானது. அவர் 2024 ஜனவரியில் காலமானார். உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரும் இதே முறையில்தான் மைக்ரோசாப்டின் சர்வரிடம் நேரம் கேட்கிறது.

எப்படிக் கேட்கிறது? "மணி என்ன?" என்று உங்கள் கம்ப்யூட்டர் ஒரு சிறு செய்தி அனுப்புகிறது. பதில் வந்து சேர 80 மில்லி விநாடி ஆனதாக வைத்துக் கொள்வோம். போக 40, வர 40 என்று பிரித்துக் கொண்டு, சர்வர் சொன்ன நேரத்துடன் அந்த 40-ஐக் கூட்டிக் கொள்கிறது. ஒரு முறை கேட்டு விட்டுவிடாமல் பல முறை, பல சர்வர்களிடம் கேட்டு ஒப்பிடவும் என்டிபி முறையில் வழி உண்டு. ஒரு சர்வர் மட்டும் என்றால் அது தவறினாலும் தெரியாது. இரண்டு என்றால் எது தவறு என்று தெரியாது. மூன்று அல்லது நான்கு இருந்தால் மாறுபட்டு நிற்பதைக் கண்டுபிடித்து ஒதுக்கி விடலாம். மாமா ஆபீசில் இருந்த இரண்டு கடிகாரங்களும் வேறு வேறு மணி காட்டின. மூன்றாவதாக என் போன் வந்த பிறகுதானே உண்மை தெரிந்தது!

ரெக்கார்டருக்கு யார் மணி சொல்வது?

பேட்டரியை மாற்றினோம். ஆனால் அது போதாது. ரெக்கார்டரின் மெனுவில் என்டிபி வசதி இருந்தது. ஆனால் ரெக்கார்டருக்கு இன்டர்நெட் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. வெளியிலிருந்து யாரும் கேமராவுக்குள் நுழையக் கூடாது என்றால், அதை இன்டர்நெட்டில் இருந்து துண்டித்து வைப்பது நல்லது. அப்படியானால் ஆபீசுக்குள்ளேயே ஒரு சாதனம் மணி சொல்ல வேண்டும். எப்போதும் ஆனில் இருப்பது எது? ரவுட்டர்.

ரவுட்டரும் ஒரு கம்ப்யூட்டர்தான். புராசசர் உண்டு, மெமரி உண்டு, பெரும்பாலும் உள்ளே ஓடுவது லினக்ஸ். இப்படி ஒரே ஒரு வேலைக்கென்று பெட்டிக்குள் அடங்கிய கம்ப்யூட்டரை எம்பெடட் சிஸ்டம் என்பார்கள். வாஷிங் மெஷின், மின் மீட்டர், ஏடிஎம் என்று நம்மைச் சுற்றிலும் இவை உள்ளன. ரவுட்டரில் பெரும்பாலும் கடிகாரப் பேட்டரி கிடையாது. ஆன் செய்த அந்த நொடியில் அதற்கு மணி தெரியாது!

என்னிடம் ஒரு பழைய ரவுட்டர் இருந்தது. 8 எம்பி பிளாஷ், 64 எம்பி ராம். அதில் ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச பர்ம்வேரைப் பதித்தேன். 2003-இல் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பது தெரிய வந்து, அதன் சோர்ஸ் கோடு வெளியிடப்பட்டது. அதை வைத்து 2004-இல் தொடங்கியதே இந்தத் திட்டம். இதில் பிசிபாக்ஸ் என்ற தொகுப்புடன் சிறிய என்டிபி புரோகிராம் ஒன்று முன்பே இருக்கிறது. கூடுதல் இடம் தேவையில்லை. மற்ற சாதனங்களுக்கு நேரம் கொடுக்கும் வசதியும் உண்டு. உங்கள் வீட்டுக்கு இதுவே போதும்.

மாமாவுக்கு நாமக்கல் தவிர, சேலத்திலும் சங்ககிரியிலும் சிறிய ஆபீஸ்கள் உண்டு. மூன்றிலும் இன்டர்நெட் அடிக்கடி அறுந்து போகும். அப்படிப்பட்ட இணைப்பை நன்றாகச் சமாளிக்கும் குரோனி என்ற புரோகிராமைத் தேர்ந்தெடுத்தேன். மூன்று ரவுட்டரிலும் ஒவ்வொன்றாக டைப் செய்வதற்குப் பதில், ஒரு பேக்கேஜ் செய்து மூன்றிலும் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பேக்கேஜ் என்றால் என்ன?

விண்டோசில் செட்டப் பைலை டபுள் கிளிக் செய்து புரோகிராமை நிறுவுகிறோம் அல்லவா? அதே வேலைக்கு லினக்சில் பேக்கேஜ் என்று பெயர். புரோகிராம், அதன் செட்டிங்ஸ், ஆன் செய்தவுடன் அதை இயக்கும் ஸ்கிரிப்ட், அதற்கு வேறு என்னென்ன தேவை என்ற பட்டியல் ஆகிய அனைத்தையும் கட்டி ஒரே பைலாகத் தருவது. அப்போது ஓபன்டபிள்யூஆர்டியில் இந்தப் பைல்களுக்கு ஐபிகே என்றும், அவற்றை நிறுவும் கட்டளைக்கு ஓபிகேஜி என்றும் பெயர். அண்மைக் காலத்தில் இந்த முறையை மாற்றி ஏபிகே என்ற முறைக்குப் போகிறார்கள்.

ரவுட்டருக்கான புரோகிராமை ரவுட்டரிலேயே தயாரிக்க முடியாது. அதற்கு அவ்வளவு சக்தி இல்லை. நம் மேசைக் கம்ப்யூட்டரில்தான் தயாரிக்க வேண்டும். ஆனால் கம்ப்யூட்டரின் புராசசர் பேசும் மொழி வேறு, ரவுட்டரில் இருக்கும் மிப்ஸ் அல்லது ஆர்ம் புராசசர் பேசும் மொழி வேறு. இங்கே உட்கார்ந்து கொண்டு அங்கே ஓடுவதற்குத் தயாரிப்பதைக் கிராஸ் கம்பைல் என்பார்கள். இதற்கு வேண்டிய கருவிகளை எஸ்டிகே என்ற பெயரில் அவர்களே தருகிறார்கள். குரோனி ஏற்கனவே பேக்கேஜாகக் கிடைத்ததால் என் வேலை சுலபமானது. என் பேக்கேஜில் புரோகிராம் எதுவும் இல்லை. செட்டிங்சும் ஸ்கிரிப்டும் மட்டும். "இதற்கு குரோனி தேவை" என்று ஒரு வரி. அவ்வளவுதான் என்று நினைத்தேன். நான்கு இடத்தில் விழுந்தேன்.

நான் செய்த தவறுகள்

முதல் தவறு சிரிப்பாக இருக்கும். ஸ்கிரிப்டை விண்டோஸ் நோட்பேடில் எழுதினேன். ரவுட்டரில் அதை இயக்கினால் "பைல் இல்லை" என்றது. கண் முன்னே பைல் இருக்கிறது! வரி முடியும் இடத்தில் விண்டோஸ் இரண்டு குறிகளைப் போடும், லினக்ஸ் ஒன்றுதான் போடும். அந்தக் கண்ணுக்குத் தெரியாத கூடுதல் குறி ஒரு மாலைப் பொழுதைத் தின்றுவிட்டது. லினக்சுக்கான பைல்களை லினக்ஸ் வரி முடிவில் சேமிக்கும் எடிட்டரில் எழுதுங்கள்.

இரண்டாவது, குரோனி பேக்கேஜ் கொண்டு வரும் செட்டிங்ஸ் பைலுக்குப் பதிலாக அதே பெயரில் என் பைலை வைத்தேன். ஓபிகேஜி நிறுவ மறுத்தது. ஒரே பைலை இரண்டு பேக்கேஜ்கள் சொந்தம் கொண்டாட அது அனுமதிக்காது. நியாயம்தான். நாளை ஒன்றை நீக்கினால் இன்னொன்றின் பைலும் சேர்ந்து போய்விடும் அல்லவா? ஆகவே முழுப் பைலைக் கொடுக்காமல், நிறுவும்போது ஒரே ஒரு முறை ஓடி, தேவையான வரிகளை மட்டும் மாற்றும் சிறு ஸ்கிரிப்டாக அதை மாற்றினேன்.

மூன்றாவது தவறு வெளியில் தெரியாதது. ஆன் செய்தவுடன் நேரம் சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்பதற்காக, பதில் வரும் வரை நொடிக்கு ஒரு முறை கேட்கும்படி எழுதியிருந்தேன். மூன்று ரவுட்டர்தானே, என்ன ஆகிவிடும்? இதே எண்ணத்தால் 2003-இல் என்ன நடந்தது தெரியுமா?

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பொதுமக்களுக்குத் திறந்து வைத்த ஒரு நேர சர்வர் இருந்தது. 2003 மே மாதம் அதற்கு வரும் கேள்விகள் திடீரென்று பெருகின. முதலில் யாரோ தாக்குதல் நடத்துகிறார்கள் என்று நினைத்தார்கள். ஜூன் மாதம் நொடிக்கு இரண்டரை லட்சம் கேள்விகள் என்ற அளவை எட்டியது. தேடிப் பார்த்தால், காரணம் நெட்கியர் நிறுவனத்தின் வீட்டு ரவுட்டர்கள்! அந்த ஒரு சர்வரின் எண் பர்ம்வேருக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. பதில் வராவிட்டால் நொடிக்கு ஒரு முறை கேட்கும்படியும் எழுதப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட ரவுட்டர்கள் ஏழு லட்சத்துக்கும் மேல் தயாராகியிருந்தன. சர்வர் திணறிப் பதில் சொல்லத் தாமதமானால், கேள்விகள் இன்னும் கூடும். நிறுவனம் புது பர்ம்வேர் வெளியிட்டது. ஆனால் வாங்கியவர்களில் எத்தனை பேர் ரவுட்டரைத் திறந்து அப்டேட் செய்வார்கள்? நீங்கள் செய்திருக்கிறீர்களா?

ஒரு புரோகிராமர் யோசிக்காமல் எழுதிய ஒரு வரி, பெட்டிக்குள் அடைபட்டுக் கடைக்குப் போய்விட்டால் திரும்ப வராது. இப்படிப்பட்ட சுமையைப் பகிர்ந்து கொள்ளவே 2003-இல் என்டிபி பூல் என்ற திட்டம் தொடங்கியது. உலகெங்கும் தன்னார்வலர்கள் தங்கள் சர்வர்களைத் தருகிறார்கள். ஒரே பெயரைக் கேட்டாலும் வெவ்வேறு சர்வர்களுக்கு நம்மைப் பிரித்து அனுப்பும். இந்தியாவுக்கென்று தனிப் பிரிவும் உண்டு. ரவுட்டர், கேமரா தயாரிப்பவர்கள் பொதுப் பெயரைப் பயன்படுத்தாமல், தங்களுக்கென்று தனிப் பெயர் வாங்கிக் கொள்ளுமாறு அவர்கள் கேட்டுக் கொள்கிறார்கள். ஓபன்டபிள்யூஆர்டிக்கு அப்படித் தனிப் பெயர் இருக்கிறது.

என் வரியை அழித்தேன். குரோனியிடமே விட்டுவிட்டால், தொடக்கத்தில் சில கேள்விகளை விரைவாகக் கேட்டுவிட்டு, பிறகு 64 விநாடிக்கு ஒரு முறை, கடிகாரம் நிலைத்த பின் 1024 விநாடிக்கு ஒரு முறை என்று தானே குறைத்துக் கொள்கிறது.

நான்காவதுதான் பெரிய தவறு

மூன்று ஆபீசிலும் நிறுவியாயிற்று. கடிகாரங்கள் எல்லாம் ஒன்றாக ஓடின. ஒரு வாரம் கழித்து ஒரு நாள் சும்மா பார்த்தேன். நாமக்கல் ரெக்கார்டர் மறுபடியும் 25 நிமிடம் பின்னால்!

நடந்தது என்னவென்றால், மின்தடை வந்திருக்கிறது. ரவுட்டர் ஆன் ஆனபோது இன்டர்நெட் வரவில்லை. மணி தெரியாத நிலையில் ஓபன்டபிள்யூஆர்டி என்ன செய்யும் தெரியுமா? தன் செட்டிங்ஸ் போல்டரில் கடைசியாக மாற்றப்பட்ட பைலின் தேதியை எடுத்து, இப்போதைக்கு இதுதான் நேரம் என்று வைத்துக் கொள்ளும். 1970-இல் இருந்து தொடங்குவதை விட இது மேல். அது தற்காலிகம்தான் என்று அதற்குத் தெரியும். கடைசியாகச் சரியாக இருந்த நேரத்தை மணிக்கு இருமுறை ஒரு பைலில் எழுதி வைக்கும்படி நான் செய்திருந்தேன். அதனால் வித்தியாசம் 25 நிமிடத்தோடு நின்றது.

ஆனால் அந்தத் தற்காலிக நேரத்தை ரெக்கார்டருக்கு ஏன் கொடுத்தது? காரணம் நான்தான். குரோனியில் "லோக்கல்" என்று ஒரு வசதி உண்டு. வெளியில் எந்த சர்வரும் கிடைக்காவிட்டாலும், "என் நேரம் சரியானதுதான்" என்று மற்றவர்களுக்குச் சொல்லச் சொல்லும் வரி அது. இன்டர்நெட் இல்லாவிட்டாலும் ஆபீஸ் கடிகாரங்கள் ஒன்றாக ஓடட்டும் என்று நல்லெண்ணத்தில் அதைச் சேர்த்திருந்தேன். தனக்கே தெரியாத நேரத்தை ரவுட்டர் தைரியமாகச் சொன்னது. ரெக்கார்டரில் புதுப் பேட்டரி போட்டு, சரியாக ஓடிக் கொண்டிருந்த கடிகாரத்தை அது இழுத்துப் பின்னால் தள்ளிவிட்டது. இன்டர்நெட் மறுநாள் மதியம்தான் வந்தது. ரவுட்டர் உடனே தன்னைத் திருத்திக் கொண்டது. ஆனால் ரெக்கார்டர் ஒரு நாளைக்கு ஒரு முறைதான் மணி கேட்கும்.

அன்று இரவு யாராவது டீசல் திருடியிருந்தால்? வேறொரு டிரைவர் வாசலில் நின்றிருப்பார். இந்த முறை காரணம் செத்த பேட்டரி அல்ல, நான் எழுதிய வரி.

அந்த வரியை நீக்கினேன். இப்போது ரவுட்டருக்கு மணி தெரியாதபோது யாராவது கேட்டால், "என் கடிகாரம் இன்னும் சரிசெய்யப்படவில்லை" என்ற குறியோடு பதில் தரும். என்டிபி விதிமுறையிலேயே அதற்கு இடம் இருக்கிறது. அந்தக் குறியைப் பார்க்கும் சாதனம் பதிலை ஒதுக்கிவிட்டுத் தன் கடிகாரத்தையே நம்பி ஓடும். கொஞ்ச நேரத்துக்கு அதுவே போதும்.

மணி சொல்லும் புரோகிராமுக்கு மிக முக்கியமான தகுதி, தெரியாதபோது தெரியாது என்று சொல்வதுதான். பேக்கேஜ் செய்பவர் அந்தத் தகுதியை ஒரே வரியில் கெடுத்துவிடலாம். நிறுவுபவர் செட்டிங்சைத் திறந்து பார்க்கவே மாட்டார். நாம் வைத்ததுதான் அவருக்குச் சட்டம்.

உங்கள் வீட்டில் என்ன செய்யலாம்?

பேக்கேஜ் எல்லாம் நீங்கள் செய்ய வேண்டியதில்லை. கீழே உள்ளவற்றை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள்.

1. விண்டோஸ் 11-இல் ஸ்டார்ட் பட்டனில் கிளிக் செய்து செட்டிங்ஸ் செல்லுங்கள். அதில் டைம் அண்ட் லாங்வேஜ், பிறகு டேட் அண்ட் டைம். "செட் டைம் ஆட்டோமேட்டிக்கலி" ஆனில் இருக்கட்டும். கீழே உள்ள "சிங்க் நவ்" பட்டனை அழுத்துங்கள். கடைசியாக எப்போது நேரம் வாங்கியது என்பதும் அங்கேயே தெரியும்.

2. அதே பக்கத்தில் டைம் சோன் என்ன என்று பாருங்கள். "சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூ டெல்லி" என்று இருக்க வேண்டும். மணி சரியாக மணிக்கணக்கில் தவறினால் காரணம் பெரும்பாலும் இதுதான். கடிகாரத்தைத் திருத்தாமல் இதைத் திருத்துங்கள்.

3. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பழையதாக இருந்தால் பேட்டரியை மாற்றுங்கள். தேதி தவறினால் பாதுகாப்பான இணைய தளங்கள் திறக்காது. ஒவ்வொரு தளத்தின் சான்றிதழிலும் எந்தத் தேதியில் இருந்து எதுவரை செல்லும் என்று இருக்கும். உங்கள் கடிகாரத்தை வைத்துத்தான் பிரவுசர் அதைச் சோதிக்கிறது. "நெட் வரவில்லை" என்று சொல்லும் சில வீடுகளில் உண்மையான நோய் இந்தச் சிறிய பேட்டரிதான்.

4. கேமரா ரெக்கார்டரின் மெனுவில் என்டிபி என்ற இடத்தைப் பாருங்கள். ஆனில் இருக்கிறதா? அதில் உள்ள சர்வர் பெயர் வேலை செய்கிறதா? என்டிபி இல்லை என்றால், மாதம் ஒரு நாள் போனைக் கேமரா முன் நீட்டிப் போனின் மணி பதிவாகும்படி செய்யுங்கள். அன்று எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு அதுவே சாட்சி.

5. ராஸ்பெர்ரி பை போன்ற சிறு போர்டுகள் வாங்குபவர்கள் கவனிக்கவும். ராஸ்பெர்ரி பை 5-க்கு முந்தைய மாடல் போர்டுகளில் கடிகாரம் கிடையாது. 5-இல் உண்டு, பேட்டரி தனியாக வாங்க வேண்டும். இன்டர்நெட் இல்லாத இடத்தில் வைப்பதானால் டிஎஸ்3231 என்ற கடிகார மாடியூலைச் சேர்க்கலாம். சாதாரண அறை வெப்பத்தில் வருடத்திற்கு ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள்தான் தவறும்.

அலுவலகம் அல்லது நிறுவனம் நடத்துபவர்களுக்கு இன்னொரு செய்தி. இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் உத்தரவு வெளியிட்டது. நிறுவனங்கள் தங்கள் கம்ப்யூட்டர்களின் நேரத்தைத் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வர்களோடு, அல்லது அவற்றோடு இணைந்த சர்வர்களோடு பொருத்தி வைக்க வேண்டும் என்று அதில் உள்ளது. திருட்டு கேமராவில் நடந்தாலும் கம்ப்யூட்டரில் நடந்தாலும், எது முன், எது பின் என்று தெரியாவிட்டால் விசாரணை நகராது.

இன்னும் ஒன்று. 2038 ஜனவரி 19 அன்று நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்குப் பிறகு, நேரத்தை 32 பிட்டில் எண்ணும் பழைய சாதனங்கள் குழம்பிப் போகும். ஓபன்டபிள்யூஆர்டி 2022-இல் வெளியான 22.03 பதிப்பில் 64 பிட் எண்ணிக்கைக்கு மாறிவிட்டது. இன்று சுவரில் மாட்டும் ரெக்கார்டர்களில் சில அன்றைக்கும் அங்கேயே இருக்கலாம். வாங்கும்போது பர்ம்வேர் அப்டேட் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

டீசல் எடுத்தது யார் என்று கடைசி வரை தெரியவில்லை. அந்த டிரைவர் மறு வாரமே வண்டி எடுத்தார். அண்மையில் ஆபீசுக்குப் போயிருந்தபோது, விரல் வைப்பதற்கு முன் அவர் மிஷினைப் பார்த்தார், ரெக்கார்டர் திரையைப் பார்த்தார், பிறகு தன் கையில் இருந்த போனைப் பார்த்தார். "மூணும் ஒண்ணா இருக்குதுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு விரலை வைத்தார்.

நீங்களும் ஒரு முறை பார்த்து விடுங்களேன்.